அந்த ஊசியை ஏன் போடவில்லை? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூளை அறுவை சிகிச்சை நிபுணர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். சென்ற ஆண்டு என் மைத்துனர் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு நினைவின்றிக் கிடந்தார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மூளையில் கட்டி வந்தபோது, வீக்கம் வற்ற ஸ்டீராய்டு ஊசி போட்டதும் இரண்டொரு நாளில் தெளிந்து பேசினார். அதையே இவருக்கும் போடச் சொல்லிக் கெஞ்சினோம். டியூட்டி டாக்டர் மறுத்துவிட்டார். மைத்துனர் பிழைத்துக்கொண்டார் என்றாலும், அது அலட்சியமோ என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது. உலகின் பெரிய நிபுணர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

நான் மருத்துவன் அல்லன். உங்கள் மைத்துனரின் கேஸ் ஷீட்டைப் பார்த்தவனும் அல்லன். ஆனால் நீங்கள் கேட்கும் இந்த ஒரு விஷயத்தில் அந்த டாக்டர் செய்தது சரி என்று தயங்காமல் சொல்லலாம்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஊசி பலித்ததும் உண்மைதான். மூளைக்கட்டியைச் சுற்றி ரத்தக்குழாய்களிலிருந்து கசிந்து தேங்கும் நீரை ஸ்டீராய்டு விரைவாகக் குறைக்கிறது. அங்கே கண்ட பலனை அடிபட்ட மூளையின் வீக்கத்துக்கும் பொருத்திப் பார்த்துத்தான், உங்கள் குடும்பம் நினைத்ததைப் போலவே, பல நாடுகளின் மருத்துவர்களும் பல்லாண்டுகள் தலைக்காயத்துக்கு அதைக் கொடுத்துவந்தார்கள். சிறு ஆய்வுகள் பல நடந்தும் தெளிவு பிறக்கவில்லை. ஏனெனில் நூறு இருநூறு பேரை வைத்துப் பார்க்கும்போது, நூற்றுக்கு இரண்டு மூன்று உயிர் என்ற வேறுபாடு தற்செயலோடு தற்செயலாகக் கலந்துவிடும்.

லண்டனைச் சேர்ந்த இயன் ராபர்ட்ஸும் அவருடைய சகாக்களும் நடத்திய ‘கிராஷ்’ என்னும் ஆய்வு, அதனால்தான், 20,000 நோயாளிகளைச் சேர்க்கத் திட்டமிட்டது. அடிபட்டு எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களில் யாருக்கு ஸ்டீராய்டு, யாருக்கு வெறும் மருந்தற்ற திரவம் என்பது குலுக்கல் போல் முடிவாயிற்று. கொடுத்த மருத்துவருக்கே எது என்று தெரியாது. 49 நாடுகளில் 10,008 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2004-இல் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 17.9 சதவீதம். காப்பாற்றும் என்று நம்பிக் கொடுத்த மருந்து, நூறு பேரில் மூன்று பேரைக் கூடுதலாகக் கொன்றிருக்கிறது. எவ்வளவு கைராசிக்காரரானாலும், தன் வார்டில் மட்டும் நின்றுகொண்டு எந்த மருத்துவரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நிபுணர்கள் என்றதும் நமக்குக் கத்தியும் நுண்ணோக்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் இந்தக் கணக்குப்பிள்ளைகளை ஒரு படி மேலே வைப்பேன்.

நாற்பத்தொன்பது நாட்டு நோயாளிகளை ஒரே கணக்கில் சேர்க்க, எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும். அதை 1974-இல் கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் வகுத்தார்கள். உங்கள் மைத்துனரின் ஷீட்டிலும் ‘ஜி.சி.எஸ்.’ என்று போட்டு ஓர் எண் இருந்திருக்கும். கண் திறப்பு, பேச்சு, கைகால் அசைவு ஆகிய மூன்றையும் பார்த்து அந்த எண்ணைக் கூட்டுகிறார்கள். புருவ எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தும்போது, நோயாளியின் கை எழும்பி வந்து அந்த விரலைத் தட்டிவிடப் பார்த்தால் அசைவுக்கு ஐந்து. நகத்தை அழுத்தும்போது கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வதோடு சரி என்றால் நான்கு. மொத்தத்தில் உச்சம் 15, அடிமட்டம் 3, சுழியம் கிடையாது. நள்ளிரவில் தனியாக இருக்கும் நர்ஸும் இதைப் போட்டுவிடலாம். எந்தக் கருவியும் தேவையில்லை.

பெரிய ஊர்களில்தான் இத்தகைய விடைகள் கிடைக்கும் என்றும் இல்லை. மண்டையோட்டுக்குள் அழுத்தமானியைப் பொருத்திச் சிகிச்சை அளிப்பது உண்மையிலேயே கூடுதல் பலன் தருகிறதா என்ற கேள்வியைப் பணக்கார நாடுகளில் சோதிப்பது கடினம். அங்கே அது வழக்கமாகிவிட்டதால், ஒரு சாராருக்கு மட்டும் பொருத்தாமல் விட மனம் வராது. ஆகவே அமெரிக்க அறுவை மருத்துவர் ராண்டல் செஸ்னட்டின் குழு, பொலிவியா, எக்வடோர் மருத்துவமனைகளோடு சேர்ந்து 324 பேரிடம் அதைச் சோதித்தது. ஸ்கேனையும் நேரடிப் பரிசோதனையையும் நம்பி அளித்த சிகிச்சையைவிட, மானி வைத்து அளித்த சிகிச்சை மேலானது என்று நிறுவ முடியவில்லை என்பது 2012-இல் வெளிவந்த முடிவு.

அறுவை சிகிச்சையை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். வீங்கிய மூளைக்கு இடம்விட மண்டையோட்டின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிடும் முறை உயிரைக் காக்கிறது. (எடுத்த எலும்பைப் பின்னர் திரும்பப் பொருத்துவதற்காக, நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைத்துவிடுவது நம் ஊர்களில் உண்டு.) கேம்பிரிட்ஜின் பீட்டர் ஹட்சின்சன் தலைமையில் 408 பேரிடம் நடந்து, 2016-இல் வெளியான ஆய்வில், மற்ற சிகிச்சைகளுக்கு அழுத்தம் அடங்காத நிலையில் இந்த அறுவைக்கான பிரிவில் இருந்தவர்களில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 26.9 சதவீதம், மருந்துச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களில் 48.9 சதவீதம். ஆனால் கண் மட்டும் விழித்திருந்து தன்னுணர்வே இல்லாத நிலையில் எஞ்சியவர்கள் அறுவைப் பிரிவில் 8.5 சதவீதம், மற்றதில் 2.1. பிழைத்தவர்களில் தாமாகவே நடமாடும் நிலைக்குத் திரும்பியவர்களும் உண்டு, ஆயுள் முழுதும் பிறர் கையை எதிர்பார்ப்பவர்களும் உண்டு. அப்படியொரு அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டு யாராவது உங்களிடம் வந்தால், “உயிர் பிழைப்பாரா?” என்பதோடு, “பிழைத்தால் எப்படி இருப்பார்?” என்பதையும் கேளுங்கள், இரண்டுக்கும் இன்று தோராயமாகவேனும் பதில் சொல்ல மருத்துவரிடம் எண்கள் இருக்கின்றன.