விடியற்காலையின் முதல் அரைமணி நேரம்: கேள்வி பதில்

கைபேசியைத் தொடாமல் நாளைத் தொடங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் காலை நேர யோகாசன வகுப்பு நடத்திவரும் நம் உறுப்பினர் பதிலளிக்கிறார்.

லாஸ்பேட்டையிலிருந்து: ஐயா, அலாரத்திற்காகத்தான் கைபேசியைத் தலைமாட்டில் வைக்கிறேன். அதை அணைத்த கையோடு வாட்ஸ்அப்பைத் திறந்துவிடுகிறேன். எனக்கு மனவுறுதி போதவில்லையா?

மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள், தம்பி. உறக்கம் கலைந்த முதல் 15 முதல் 30 நிமிடங்கள் வரை மூளை முழுமையாகத் தெளிவதில்லை. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று அந்த மந்த நிலையில் முடிவெடுப்பது கடினம் என்பதால், முடிவை முந்தைய இரவே எடுத்துவிட வேண்டும். கைபேசியைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு, படுக்கையறைக்கு மணியடிக்கும் கடிகாரம் ஒன்றை வாங்கி வையுங்கள். நானும் அப்படித்தான் திருந்தினேன்.

முதலியார்பேட்டையிலிருந்து: என் மகன் பாரிஸில் வேலை பார்க்கிறான். நான் உறங்கிய பிறகு அவன் அனுப்பும் செய்திகளை, எழுந்ததும் பார்க்காமல் எப்படி இருப்பது?

நம் ஊரில் பல வீடுகளில் எழும் கேள்வி இது, அம்மா. இங்கே காலை 6 மணி என்றால், பாரிஸில் கோடைக்காலத்தில் பின்னிரவு 2.30, குளிர்காலத்தில் 1.30. நீங்கள் எழுந்த உடனே பதில் எழுதினாலும் அதைப் படிக்க அவர் விழித்திருக்கப் போவதில்லை. அங்கே அவர் 7 மணிக்கு எழும்போது இங்கே 10.30 அல்லது 11.30 ஆகியிருக்கும். ஆகவே குளித்து, காபி குடித்து, நிதானமாக எழுதலாம். அவசரம் என்றால் அவர் அழைப்பார் அல்லவா? அழைப்பு மணி மட்டும் கேட்கும்படி வைத்துவிட்டு, செய்திகளுக்கான ஒலியை அணைத்துவிடுங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து: கடலுக்குப் புறப்படும் முன் காற்று நிலவரம் பார்த்தாக வேண்டுமே?

கட்டாயம் பாருங்கள். அது தொழில், உயிர்க் காப்பும்கூட. பார்த்ததும் கைபேசியை மூடிவிட்டால் போதும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: எனக்குத் தியானம் கைகூடவில்லை. அந்த அரைமணி நேரத்தில் வேறு என்ன செய்யலாம்?

கைகூடாதவர்களைத் தியானத்துக்கு நான் வற்புறுத்துவதில்லை. வாசல் தெளித்துப் புள்ளிக் கோலம் போடுங்கள். புள்ளியை எண்ணி வைக்கும்போது மனம் வேறு பக்கம் திரும்பினால் வரிசை தவறிவிடும் என்பதால் அது தானாகவே ஓரிடத்தில் நிற்கும். அத்துடன் வெளிச்சமும் கிடைக்கிறது. வீட்டு விளக்கின் ஒளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவைத் தாண்டாது. விடிந்தபின் வெளியே வந்தால், மேகமூட்டமான நாளிலும் அதைவிடப் பல மடங்கு ஒளி கண்ணில் படும். உடலின் உட்கடிகாரம் இந்தக் காலை வெளிச்சத்தைக் கொண்டே தன்னைச் சரிசெய்துகொள்வதால், இரவில் உறக்கமும் நேரத்தோடு வரும்.

புதுச்சேரிக்கு வரும் நாளில் கடற்கரைச் சாலையில் நடந்து பாருங்கள், காலை 7.30 மணி வரை அங்கே வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் காந்தி சிலையருகே சூரியோதயத்தைப் படம் எடுத்து அங்கேயே நின்று பத்துப் பேருக்கு அனுப்புகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். கைபேசி வண்டியிலேயே இருக்கட்டும்.