வெள்ள ஆழ வரைபடம்: வாசகர் கேள்விகள்

கே: மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிச் சுவர்களில் நீர் நின்ற தடங்களின் உயரத்தை ஜிபிஎஸ் கருவியால் அளந்தேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அதிலிருந்து தரை உயரத்தைக் கழித்தால் ஆழம் மைனஸ் 80-க்கும் கீழே போகிறது. எங்கே தவறு?

ப: கழித்தலில் தவறில்லை. இரண்டு உயரங்களும் வெவ்வேறு பூஜ்யத்திலிருந்து எண்ணப்பட்டவை. உங்கள் கருவி எலிப்சாய்டு என்ற கணித வடிவத்திலிருந்து உயரத்தைச் சொல்கிறது. எஸ்ஆர்டிஎம், கோப்பர்நிக்கஸ் போன்ற தரை உயரத் தரவுகள் கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு என்ற பரப்பிலிருந்து சொல்கின்றன. உலகிலேயே ஜியாய்டு மிகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் சென்னையும் வருகிறது. அதனால் இங்கே வித்தியாசம் 80 மீட்டரைத் தாண்டும். கருவி காட்டிய உயரத்திலிருந்து உங்கள் இடத்து ஜியாய்டு மதிப்பைக் கழியுங்கள். அந்த மதிப்பை எஸ்ஆர்டிஎம்முக்கு இஜிஎம்96 என்ற ஜியாய்டு மாதிரியிலிருந்தும், கோப்பர்நிக்கஸுக்கு இஜிஎம்2008 மாதிரியிலிருந்தும் எடுங்கள். அந்த மதிப்பே மைனஸ் என்பதால் உயரம் கூடிவிடும். அதன் பிறகும் ஆழம் மைனஸாக வரும் இடங்கள் நனையாத மேடுகளாக இருக்கலாம்; தடம் இருந்த இடத்திலேயே மைனஸ் வந்தால் உயரங்களில் பிழை இருக்கிறது.

கே: எஸ்ஆர்டிஎம் போதுமா?

ப: என்னைக் கேட்டால், சென்னைக்குப் போதாது. அது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. கூரையையும் மரத்தலையையும் தரையென்று எண்ணிக்கொள்ளும். உயரமும் முழு மீட்டரில்தான் கிடைக்கும். இவ்வளவு தட்டையான ஊரில் ஒரு மீட்டர் என்பது கணுக்காலுக்கும் இடுப்புக்கும் உள்ள தூரம். கோப்பர்நிக்கஸ் அதைவிட மேல், ஆனால் அதிலும் கட்டடங்கள் உண்டு. அதிலிருந்து கட்டடங்களையும் மரங்களையும் கணக்கிட்டு நீக்கிய ஃபேப்டெம் என்ற தரவை முயலுங்கள். அதை வைத்தும் "இந்த வீட்டில் மூன்றடி" என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். லேசரால் தரையை அளந்த லைடார் தரவு இல்லாமல் அந்தத் துல்லியம் வராது.

கே: 6 மீட்டருக்குக் கீழே உள்ளதையெல்லாம் நீலமாக்கினேன். ஆற்றோடு தொடர்பே இல்லாத பள்ளங்களிலும் வெள்ளம் காட்டுகிறதே?

ப: நீருக்கு வழி வேண்டுமல்லவா? கியூஜிஐஎஸ்ஸிலிருந்து பயன்படுத்தக்கூடிய கிராஸ் கருவித் தொகுப்பில் ஆர்.லேக் (r.lake) என்ற கருவி இருக்கிறது. ஒரு தொடக்கப் புள்ளியும் நீர்மட்டமும் கொடுத்தால் அதோடு ஒட்டிய இடங்களை மட்டும் நிரப்பும். ஆனால் ரயில் பாதைக்கு அடியில் போகும் சிறு பாலம் 30 மீட்டர் கட்டங்களாக உள்ள இந்த உயரத் தரவுகளில் தெரியாது. அங்கே நேரில் போய்ப் பாருங்கள். இன்னொன்று: ஒரே மட்டம் ஏரிக்குச் சரி, ஓடும் ஆற்றுக்குச் சரியில்லை. மேலே முடிச்சூரில் அடையாறு நின்ற மட்டத்தைக் கீழே உள்ள சைதாப்பேட்டைக்கு வைத்தால் பாதி நகரம் மூழ்கிவிடும்.

கே: பரப்பளவு விசித்திரமான சிறிய எண்ணாக வருகிறது.

ப: டிகிரியில் கணக்கிடுகிறீர்கள். மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற ஆயத்தொலை முறைக்கு மாற்றுங்கள்.

கே: வரைபடம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: சுவர்த் தடத்துக்குத் தரையிலிருந்து டேப் பிடித்து அளந்த ஆழம்தான் நம்பத்தக்க சாட்சி. அதற்கு ஜியாய்டு வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம். பாதித் தடங்களை வரைபடம் செய்யப் பயன்படுத்துங்கள், மீதியைச் சோதிக்க ஒதுக்குங்கள். தள்ளிப்போட வேண்டாம். டிசம்பர் வெள்ளத்தின் தடம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரைதான் சுவரில் இருக்கும்.