தம்பியின் கேஸ் றிஜெக்ட் ஆகிவிட்டது, இனி என்ன?

கேள்வி: லண்டனில் அகதித் தஞ்சம் கேட்ட என் தம்பிக்குப் போன கிழமை ஹோம் ஒஃபிஸிலிருந்து (பிரிட்டன் உள்துறை அமைச்சு) மறுப்புக் கடிதம் வந்தது. பிடித்து இலங்கைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் குடிவரவு அலுவலகத்தில் ஒழுங்காக வைக்க வேண்டிய சைன் வைக்கவும் போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அவரைச் சைன் வைக்கப் போகச் சொல்லுங்கள். போகாமல் விட்டால் தலைமறைவு என்று பதிவார்கள். பிறகு தடுத்து வைக்க அதுவே காரணமாகிவிடும்.

அடுத்து, கடிதத்தில் பிரிட்டனுக்குள் இருந்தே அப்பீல் செய்யும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். கோரிக்கை 'அடிப்படையே அற்றது' என்று சான்றிட்டிருந்தால் மட்டும் இல்லை. அப்போது அன்றைக்கே சொலிசிற்றரிடம் ஓட வேண்டும். உரிமை இருந்து அப்பீலைப் பதிந்துவிட்டால், அது முடியும்வரை நாடு கடத்த முடியாது.

அப்பீலுக்குள்ள காலம் 14 நாள். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து எண்ண வேண்டும். சனி ஞாயிறும் சேர்த்தி. போன கிழமை என்கிறீர்கள், பாதி நாள் போயிருக்கும். பிந்தினாலும் காரணத்தோடு கால நீடிப்புக் கேட்கலாம். கடிதம் பழைய விலாசத்துக்குப் போனது என்றால் உறையே சாட்சி. பயத்தில் இருந்துவிட்டேன் என்பது அவ்வளவாக எடுபடாது.

இனித்தான் உண்மையான வேலை. மறுப்புக்குச் சொன்ன காரணங்களைப் பாருங்கள். ஊரில் மூன்று நாள் தடுத்து வைத்தார்கள் என்று முதல் நேர்காணலில் சொல்லி, பெரிய நேர்காணலில் இரண்டு கிழமை என்று சொல்லியிருந்தால், கடிதத்தில் அதற்கென்றே ஒரு பந்தி இருக்கும். பந்தி பந்தியாகப் பதில் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பிழை விட்டாரா, மருத்துவ அறிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள்.

இலங்கைத் தமிழர் வழக்குகளில் நீதிபதி கையில் எடுப்பது மேல் தீர்ப்பாயத்தின் 2013, 2021 வழிகாட்டித் தீர்ப்புகளை. ஊர்வலத்தில் கொடியோடு நிற்கும் ஒரு போட்டோ போதும் என்று கடைத்தெருவில் சொல்வோர் உண்டு. போதாது. எந்த அமைப்பு, அதில் என்ன பொறுப்பு, எத்தனை வருடம், முகநூலில் என்ன போட்டார், தடைசெய்யப்பட்ட அமைப்போடு தொடர்பு உண்டா என்றெல்லாம் சேர்த்துப் பார்த்து, பிரிவினை முயற்சியில் இவருக்கு முக்கிய பங்கு உண்டென்று இலங்கை அரசு கருதுமா என்றே எடைபோடுவார்கள். ஊரில் பிடியாணை இருந்தால் கதையே வேறு. விமான நிலையத்தில் மறிக்கும் பட்டியலில் பெயர் ஏறியிருக்கலாம். பிடியாணையின் பிரதியை எப்படியாவது எடுப்பியுங்கள்.

எல்லா அப்பீலும் தோற்றாலும், புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடி கோரிக்கை வைக்க வழி உண்டு. ஆனால் பழைய கதையையே திருப்பிக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள்.

வருமானம் இல்லையென்றால் அரச சட்ட உதவி கேட்கலாம். காசு வாங்கி ஃபோர்ம் நிரப்பித் தருபவர்களிடம் போக வேண்டாம். சொலிசிற்றரிடம் போகும்போது கடிதம், அது வந்த உறை, நேர்காணல் பதிவு மூன்றும் தம்பியின் கையில் இருக்கட்டும்.