ஈமேக்ஸ் கேள்வி-பதில்: நெடுவரிசையை மறக்கும் கர்சர்

கேள்வி: ஈமேக்ஸ் உரைத்தொகுப்பியில் ஐந்து வரி கீழே செல்ல ஒன்றும் ஐந்து வரி மேலே செல்ல ஒன்றுமாக இரண்டு கட்டளைகளை அதன் நிரல்மொழியான ஈலிஸ்ப்பில் எழுதி, விசைகளோடு இணைத்திருக்கிறேன். 40ஆவது நெடுவரிசையிலிருந்து கீழே இறங்கி ஒரு குட்டை வரியில் நின்றுவிட்டு மீண்டும் மேலே ஏறினால், கர்சர் 40க்குத் திரும்பாமல் அந்தக் குட்டை வரி முடிந்த நெடுவரிசையிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த வரிக்கும் முந்தைய வரிக்கும் நகர்த்தும் கண்ட்ரோல்-என், கண்ட்ரோல்-பி விசைகளில் இந்தக் கோளாறு இல்லை. கீழிறங்கும் கட்டளையில் நான் அழைக்கும் நெக்ஸ்ட்-லைனுக்குப் பதிலாக ஃபார்வர்ட்-லைனைப் போட்டுப் பார்த்தால், கர்சர் வரியின் தொடக்கத்துக்கே போய்விடுகிறது.

பதில்: நகர்த்தும் பகுதியை நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள், கோளாறு கட்டளையின் பெயர் பதிவாகும் விதத்தில் இருக்கிறது. கர்சர் மேலும் கீழும் நகரத் தொடங்கும்போது, புறப்பட்ட நெடுவரிசையை டெம்பரரி-கோல்-காலம் என்னும் மாறியில் ஈமேக்ஸ் குறித்துக்கொள்கிறது. இடையில் குட்டை வரிகள் வந்தாலும், அடுத்த நீண்ட வரியில் கர்சர் பழைய நெடுவரிசைக்குத் திரும்புவது இந்தக் குறிப்பால்தான். ஆனால் குறிப்பு இன்னும் செல்லுமா, அல்லது இப்போது நிற்கும் இடத்தைப் புதிதாகக் குறிக்க வேண்டுமா என்பதை, சற்று முன் ஓடிய கட்டளையின் பெயரைப் பார்த்தே ஈமேக்ஸ் முடிவு செய்கிறது. லாஸ்ட்-கமாண்ட் மாறியில் நெக்ஸ்ட்-லைன் அல்லது ப்ரீவியஸ்-லைன் என்றிருந்தால் நகர்வு தொடர்கிறது என்று கொள்ளும். நீங்கள் எழுதிய கட்டளை உள்ளே நெக்ஸ்ட்-லைனை அழைத்தாலும், பதிவாவது நீங்கள் வைத்த பெயர்தான். எனவே மேலே ஏறும் கட்டளை தொடங்கும்போது பழைய குறிப்பு அழிந்து, குட்டை வரியின் நெடுவரிசை அதனிடத்தில் எழுதப்படுகிறது.

தீர்வு ஒரே வரிதான். கீழிறங்கும் கட்டளைக்குள், நகர்த்தும் வரிக்கு முன்னால், அடுத்த கட்டளை லாஸ்ட்-கமாண்டாகக் காணப்போகும் திஸ்-கமாண்ட் மாறிக்கு நெக்ஸ்ட்-லைன் என்னும் பெயரைச் செட்க்யூ கொண்டு கொடுங்கள். மேலேறும் கட்டளையில் ப்ரீவியஸ்-லைன் என்று கொடுங்கள். இது குறுக்குவழியோ என்று தயங்க வேண்டாம். அடுத்தடுத்து கண்ட்ரோல்-கே அழுத்தும்போது வெட்டிய வரிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்வதும், வெட்டும் கட்டளைகள் திஸ்-கமாண்டை இவ்வாறே மாற்றி வைப்பதால்தான். ஒரு கட்டளை தனக்கு முந்தைய கட்டளையை அறிந்து நடந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டை ஈமேக்ஸின் மிகச் சிறந்த அம்சங்களுள் ஒன்றாகக் கருதுகிறேன். கட்டளை எழுதப் பழகும் ஒவ்வொருவரும் இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபார்வர்ட்-லைன் வரியின் தொடக்கத்தில் கொண்டு நிறுத்துவது அதன் இயல்பு. கோப்பை வரி வரியாகப் படித்துச் செல்லும் நிரல்களுக்கு அதுவே ஏற்றது, ஏனெனில் கோப்பு முடிந்தால் அது பிழை எழுப்பாமல், எத்தனை வரி குறைந்தது என்பதைத் திருப்பித் தருகிறது. நெக்ஸ்ட்-லைன் பிழை எழுப்பி நிரலையே நிறுத்திவிடும். உங்களுடையது மனிதர் விசையால் இயக்கும் கட்டளை என்பதால் நெக்ஸ்ட்-லைனையே வைத்துக்கொள்ளலாம். ஷிஃப்ட்டோடு அழுத்தும்போது உரை தேர்வாக வேண்டுமென்றால், கட்டளையின் இன்டராக்டிவ் வரியில் உள்ள சரத்தின் முதலெழுத்தாகக் கூரைக்குறியை (^)ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கோப்பில் மட்டும், எங்கிருந்து கண்ட்ரோல்-என் அழுத்தினாலும் கர்சர் குறிப்பிட்ட ஒரே நெடுவரிசைக்கு ஓடுகிறது. திரையில் மடிந்து கிடக்கும் நீண்ட வரிகளையும் ஒரே தாவலில் கடந்துவிடுகிறது. ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் அமைப்புகள் அடங்கிய தொடக்கக் கோப்பை முழுவதும் தேடியும் காரணம் தெரியவில்லை.

பதில்: நீங்கள் கவனித்துச் சொன்ன இரண்டு அறிகுறிகளும், கர்சர் எப்போதும் செல்ல வேண்டிய நெடுவரிசையைக் குறிக்கும் கோல்-காலம் என்னும் மாறியையே சுட்டுகின்றன. அது அந்தந்தப் பஃபருக்கு (திறந்த கோப்பின் உரை இருக்கும் இடத்துக்கு) மட்டும் உரியது. அதற்கு மதிப்பு இருந்தால், திரை வரியாக (திரையில் மடிந்து தெரியும் ஒவ்வொரு வரியாக) நகரும் வழக்கமும் தானாகவே நின்றுவிடும். பெரும்பாலும், அந்த மதிப்பைப் பதிக்கும் கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-என் விசைகளைத் தவறி அழுத்தி, ஈமேக்ஸ் கேட்ட எச்சரிக்கைக் கேள்விக்கு ஒய் என்று பதில் தந்திருப்பீர்கள். அந்தப் பஃபரில் கண்ட்ரோல்-யூ, கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-என் என்று வரிசையாக அழுத்துங்கள், அந்த மதிப்பு நீங்கிவிடும்.

இத்தகைய ஐயம் எழும்போது கண்ட்ரோல்-எச், கே அழுத்திவிட்டு, சிக்கல் தரும் விசையை அழுத்தினால், அவ்விசை எந்தக் கட்டளையை இயக்குகிறது என்பது தெரியும். கட்டளை சரியாக இருந்தும் நடத்தை மாறினால், ஈமேக்ஸைக் கழித்தல் குறியும் பெரிய க்யூவும் சேர்த்துத் தொடங்கி, தொடக்கக் கோப்பு ஏற்றப்படாத நிலையில் அதே கோப்பைத் திறந்து பாருங்கள். தொடக்கக் கோப்பில் தேடுவது அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: நீண்ட பத்தியில் கண்ட்ரோல்-என் திரை வரியாக நகர்கிறது, கண்ட்ரோல்-ஏ மட்டும் பத்தியின் தொடக்கத்துக்கே போய்விடுகிறது. ஏன் இந்த வேறுபாடு?

பதில்: 2009இல் வெளியான 23ஆம் பதிப்பிலிருந்து, திரை வரியாக நகர்த்தும் லைன்-மூவ்-விஷுவல் என்னும் அமைப்பு இயல்பாகவே இயங்குநிலையில் இருக்கிறது, அது மேல்-கீழ் நகர்வை மட்டுமே மாற்றுகிறது. வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் செல்லும் கண்ட்ரோல்-ஏ, கண்ட்ரோல்-இ ஆகியவையும் திரை வரியைப் பின்பற்ற வேண்டுமென்றால் விஷுவல்-லைன்-மோடை இயக்குங்கள். நிரல் எழுதும் பஃபர்களில் அதைத் தவிர்த்து, கட்டுரை எழுதும் பஃபர்களில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் கண்ட்ரோல்-கே கூட அப்போது திரை வரியின் முடிவுவரை மட்டுமே வெட்டும்.