ஆடிஷனுக்கு இன்னும் ஆறு வாரம், எதை வாசித்துப் பழகுவது?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, செல்லோ வாசிக்கிறாள். ஆறு வாரத்தில் யூத் ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன். தனியாக வாசித்துக்காட்ட ஒரு கஷ்டமான கான்சர்ட்டோவை (தனி வாத்தியத்தை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்க எழுதிய பெரிய உருப்படி) எடுத்துவைத்துக்கொண்டு நாள் முழுக்க அதிலேயே கிடக்கிறாள். ஆர்கெஸ்ட்ரா பகுதிகளையும் (சிம்பொனி போன்றவற்றில் செல்லோ வாசிக்கும் துண்டுகள்) சைட் ரீடிங்கையும் (முன்பின் பார்க்காத இசைக்குறிப்பைப் பார்த்ததும் வாசிப்பது) தொடுவதே இல்லை. இது போதுமா?

பதில்: போதாது. முதலில் அந்த கான்சர்ட்டோவை மாற்றச் சொல்லுங்கள். நல்ல நாளில் மட்டும் சரியாக வருகிற பெரிய உருப்படியைவிட, விரல் நடுங்கினாலும் வந்துவிடுகிற சின்ன உருப்படி எவ்வளவோ மேல். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தனி வித்வானைத் தேடவில்லை. இந்தப் பெண்ணை மற்ற செல்லோக்களோடு உட்காரவைத்தால் சுருதியும் தாளமும் நிற்குமா என்றுதான் பார்க்கிறார்கள்.

அது பளிச்சென்று தெரிவது ஆர்கெஸ்ட்ரா பகுதியில்தான். உதாரணத்துக்கு, செல்லோக்காரர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒன்று, பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் இரண்டாம் பகுதியின் தொடக்கம். பார்த்தால் சாதுவான மெட்டு, மெதுவான வேகம், ஆனால் அதில் புள்ளி வைத்த (அதனால் நீளம் கூடிய) ஸ்வரமும் அதையடுத்து வரும் குட்டி ஸ்வரமும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும், பதற்றத்தில் அது இரண்டுக்கு ஒன்றாகக் குழைந்துவிடும், வாசிப்பவருக்கே தெரியாது. தாளம் தட்டும் மெட்ரோனோமை மெதுவாக வைத்து, ஒவ்வொரு அடியையும் மனதுக்குள் நாலாகப் பிரித்து எண்ணிக்கொண்டே வாசிக்கட்டும். அப்புறம் ஃபோனில் பதிவு செய்து கேட்கட்டும். முழு ஆர்கெஸ்ட்ராவின் பதிவையும் கேட்பது அவசியம்: அந்த இடத்தில் வயோலாவும் அதே மெட்டை வாசிக்கிறது, கீழே டபுள் பேஸ் தந்தியை மீட்டுகிறது என்று தெரிந்தவள் வாசிப்பது வேறு மாதிரி இருக்கும்.

சைட் ரீடிங்குக்கு தினமும் புதிதாக நாலு வரி போதும். முதலில் ஸ்கேலையும் தாளத்தையும் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே சிக்கலான இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குத் தாங்குகிற வேகத்தில் ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று, அவள் வாசித்துக்கொண்டிருக்கும் இடத்தையே ஒரு அட்டையால் மறைத்தபடி நகர்த்துங்கள். கண் தானாக முன்னால் ஓடும். தப்பு வந்தால் திரும்பிப் போகக் கூடாது. விட்ட ஸ்வரத்தை மன்னிப்பார்கள், நின்றுபோன தாளத்தை மன்னிக்க மாட்டார்கள்.

கடைசி வாரத்தில் வீட்டிலேயே ஒத்திகை வையுங்கள்: உள்ளே வந்து, உட்கார்ந்து, டியூன் செய்து, ஒரே தடவை வாசிப்பு. செல்லோவைத் தரையில் ஊன்றும் அடிமுள் வழுக்காமல் பிடிக்கிற பட்டையைப் பையில் போட்டாயிற்றா என்று பாருங்கள், வழவழப்பான தரையில் பாதி வாசிப்பில் செல்லோ நழுவுவது நடக்கிற கதைதான்.

தேர்வானால், இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டில் எப்போதும் ஒரு பென்சில் வேண்டும். வில் மேலா கீழா என்பதை செல்லோ பிரிவின் முன்வரிசைத் தலைவர்தான் தீர்மானிப்பார், அதை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். நடுவில் இடம் தவறிவிட்டால் துழாவி வாசிக்காமல் சத்தத்தை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரின் வில்லைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம். பக்கம் திருப்புவது, ஒரே ஸ்டாண்டைப் பார்த்து வாசிக்கும் இருவரில் உள்பக்கம் (பார்வையாளர்களிடமிருந்து தள்ளி) இருப்பவரின் வேலை, புதிதாகச் சேர்ந்தவளுக்கு அநேகமாக அதுதான் வாய்க்கும், அதையும் வீட்டிலேயே பழகிக்கொண்டு போகட்டும்.