பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பணம் அப்புறம்

கேள்வி: என்னிடம் 1968 மோரிஸ் மைனர் கார் இருக்கிறது. சிக்னலில் நின்றால் இன்ஜின் தடுமாறும். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கெல்லாம் கறுப்பு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் போய்விட்டது என்று பட்டறையில் 850 வெள்ளி வாங்கிப் புதிது மாட்டினார்கள். மூன்று வாரத்தில் மறுபடியும் அதே கறுப்பு. (யீஷூன் வாசகர்)

பதில்: பிளக்கைக் கையில் எடுத்துப் பார்க்காமலே கார்புரேட்டரை விற்றிருக்கிறார்கள். எனக்கு மாதாமாதம் வரும் கடிதங்களில் பாதி இந்தக் கதைதான், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. பிளக் நாலும் கழற்றப் பத்து நிமிடம் போதும். அதைச் செய்யாத மெக்கானிக்கிடம் வேறு எதையும் செய்யச் சொல்லாதீர்கள்.

கறுப்பில் இரண்டு வகை உண்டு. விரலால் தேய்த்துப் பாருங்கள். அரிக்கேன் விளக்குச் சிம்னியில் படியும் கரிபோல உலர்ந்து ஒட்டினால், பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது பிளக்கின் தீப்பொறி பலவீனம். பளபளவென்று பிசுபிசுத்தால் அது இன்ஜின் எண்ணெய். இன்ஜினுக்குள் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். அதற்கு எத்தனை கார்புரேட்டர் மாற்றினாலும் பயனில்லை. நல்ல பிளக்கின் நுனி பிஸ்கட் நிறத்தில் இருக்கும். வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம், சூடும் அதிகம்.

உங்களுடையது உலர்ந்த கரி என்றால் காசில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள். கிளப்பும்போது பெட்ரோலைக் கூட்டும் சோக் குமிழை உள்ளே தள்ளியதும் கார்புரேட்டர் பக்கத்து நெம்புகோல் முழுசாகத் திரும்புகிறதா? பழைய கேபிள் பாதியில் சிக்கிக்கொள்ளும். ஏர் ஃபில்டர் அடைந்திருக்கிறதா? அப்புறம், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் திறந்து மூடும் தொடுமுனை, அதாவது பாயின்ட். உங்கள் காரில் இடைவெளி சுமார் 0.38 மில்லிமீட்டர். பாயின்ட் தேய்ந்தாலும் அதோடு இணைந்த கன்டென்சர் கெட்டாலும் பொறி மெலிந்து பெட்ரோல் எரியாமல் கரியாகும். கார்புரேட்டரைக் குறை சொல்வதற்கு முன் இதையெல்லாம் பார்த்தாக வேண்டும்.

இவ்வளவும் சரி என்றால் இன்ஜின் சூடான பிறகு, உங்கள் காரில் உள்ள எஸ்யூ வகைக் கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சிறு தூக்கும் ஊசியை மேலே அழுத்தி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணைந்துபோகப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரியாக இருக்கிறது.

இன்னொன்று. நம் சிங்கப்பூரில், பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிந்த கார் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓடலாம். மீதி நாளெல்லாம் கார்ப்பேட்டையில் நிறுத்திவைத்து, வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் இன்ஜினைப் போட்டு அணைக்கிறோம். பிளக் தன் கரியைத் தானே எரிக்க நுனி சுமார் 450 டிகிரி சூடாக வேண்டும். ஐந்து நிமிடத்தில் அது நடக்காது, கரி மேல் கரிதான் சேரும். நிற்கிற காரில் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டில் பிசினாகவும் படியும். எடுத்தால் அரை மணி நேரமாவது விரைவுச்சாலையில் ஓட்டுங்கள்.

உங்கள் பழைய கார்புரேட்டரைப் பட்டறையில் திருப்பிக் கேளுங்கள். அது நன்றாகவே இருந்திருக்கலாம்.

கேள்வி: 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பிளக் சுத்தமாகுமா?

பதில்: ஆகாது. ஆக்டேன் எண்ணுக்கும் கரிக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: கார் வியாபாரியிடம் 1975 பீட்டில் வாங்கினேன். பார்க்கப் போனபோது இன்ஜின் ஏற்கனவே சூடாக இருந்தது. இரண்டு வாரத்தில் நீலப் புகை, பிளக்கில் எண்ணெய். ‘பழைய கார் என்றால் அப்படித்தான்’ என்கிறார். (பிடோக் வாசகி)

பதில்: அம்மா, ‘அப்படித்தான்’ என்று அவர் சொல்வதோடு இது முடியாது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போதுதான் புகை காட்டிக்கொடுக்கும். அதனால்தான் முன்கூட்டியே சூடாக்கிவைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள குறைபாட்டுப் பொருள் சட்டம் வியாபாரி விற்கும் பழைய காருக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவந்த கோளாறு ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்டவேண்டியது அவர் பொறுப்பு. காரின் வயதையும் விலையையும் கணக்கில் எடுப்பார்கள் என்பது உண்மை, ஆனாலும் விட்டுவிடாதீர்கள். முதலில் பழுதுபார்த்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் சங்கம். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை அங்கே கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. அந்த நாலு பிளக்கையும் துடைக்காமல் தனித்தனிப் பையில் போட்டு, எந்த சிலிண்டர் என்று எழுதி, படமெடுத்து வையுங்கள். அவைதான் உங்கள் சாட்சி.

கேள்வி: வீடியோ பார்த்துத் தனியார் ஒருவரிடம் பழைய கார்புரேட்டர் வாங்கினேன். மாட்டியதிலிருந்து பிளக் வெளுக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: நேரில் பார்க்காமல் ஏன் வாங்கினீர்கள்? அந்தச் சட்டம் தனியார் விற்பனைக்குப் பொருந்தாது. விவரத்தில் பொய் எழுதியிருந்தால் மட்டும் பேசிப் பார்க்கலாம்.

நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். 2017இல் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சுங்கை ரோடு சந்தையில் 120 வெள்ளி கொடுத்தேன். வெளியே பளபளப்பு. ஜெட் மாற்றினேன், அதற்குள் இறங்கும் ஊசி மாற்றினேன், இரண்டு மாதம் பிளக் வெளுத்தே வந்தது. கடைசியில், கார்புரேட்டரின் காற்றுக் கதவைத் திருப்பும் திராட்டில் தண்டை இரண்டு விரலில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். ஆடியது. அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று புகுந்துகொண்டிருந்தது. வாங்கும் இடத்திலேயே ஆட்டிப் பார்த்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காது. நீங்களும் இன்றைக்கே ஆட்டிப் பாருங்கள். ஆடினால், தண்டைத் தாங்கும் புஷ் மாற்றித் தரும் கடைசல் பட்டறையைத் தேடுங்கள், புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் பிரபல ஜப்பானிய பிளக் நாலு 6 வெள்ளி. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். போலி.