பருப்பு, முட்டை சாப்பிட்டா பார்கின்சன் மாத்திரை வேலை செய்யாதா?

உங்க அம்மாவுக்கு பார்கின்சன், அதுக்கு லெவோடோபாங்கிற மாத்திரை போடுறாங்க, புரோட்டீனை நிறுத்தச் சொல்றாங்களேன்னு கேட்டிருக்கீங்க. நிறுத்த வேண்டாம், நேரத்தை மாத்தினா போதும். எங்க அப்பாவுக்கு எட்டு வருஷமா இந்த வியாதி, வீட்ல பார்த்ததைச் சொல்றேன்.

அப்பா டிபன் முடிச்சுட்டுதான் மாத்திரை போடுவார், வெறும் வயித்துல போட்டா புண்ணாயிடும்னு பயம். இட்லின்னா ஓரளவு பரவாயில்ல, அடை சாப்பிட்ட அன்னைக்கு பதினோரு மணி வரைக்கும் பாத்ரூம் நிலைப்படிகிட்ட கால் தரையோட ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுவார், நான் பின்னாடி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். நோய் முத்திடுச்சுன்னு நானும் அம்மாவும் அழுதிருக்கோம். அப்ப பார்த்த டாக்டர் ஒரு தடவைகூட சாப்பாட்டு நேரத்தைக் கேட்கல, அந்த வருத்தம் இன்னும் போகல.

விஷயம் என்னன்னா, மூளைல அசைவுக்கு உத்தரவு கடத்துற டோபமின்ங்கிற பொருள் குறையறதாலதான் கை கால் ஓட மாட்டேங்குது, ஆனா டோபமினை நேரா குடுத்தா ரத்தத்துலேருந்து மூளைக்குள்ள போகாது. லெவோடோபா போகும், ஏன்னா அதுவே ஒரு அமினோ அமிலம், நம்ம உடம்பு டைரோசின்ங்கிற இன்னொரு அமினோ அமிலத்துலேருந்து செஞ்சுக்கிற பொருள். 1957ல ஸ்வீடன்ல ஆர்விட் கார்ல்சன்ங்கிற விஞ்ஞானி, மருந்தால அசையாம கிடந்த முயலுக்கு டோபா ஊசி போட்டதும் அது மறுபடி நடமாடுச்சு, அந்த வழியில வந்ததுதான் இந்த மாத்திரை. சிக்கலும் அங்கதான். மூளை வாசல்ல இதை உள்ள ஏத்தி விடுற கடத்தியிலதான் புரோட்டீன்லேருந்து வர்ற லூசின், வேலின், ஃபினைல்அலனின் மாதிரி அமினோ அமிலமெல்லாம் போகணும், அடையில இருக்கிற பருப்பு செரிச்சு இதெல்லாம் ரத்தத்துல கூட்டமா வர்ற நேரம் மாத்திரையும் வந்தா அதுக்கு இடம் கிடைக்காது. குடல்லயும் இதே போட்டிதான். மாத்திரையில கூட இருக்கிற கார்பிடோபாங்கிற மருந்து, லெவோடோபா வழியிலேயே டோபமினா மாறிடாம தடுக்குமே தவிர இந்தப் போட்டியைத் தீர்க்காது.

அப்புறம் பார்த்த நரம்பு டாக்டர் மாத்திரையை 7 மணிக்கு தண்ணில, டிபனை 8 மணிக்குன்னு மாத்தினார், முட்டை பருப்பெல்லாம் பெரும்பாலும் ராத்திரிக்குப் போச்சு. நாலஞ்சு நாள்ல அப்பா தன் சட்டை பட்டனை, கழுத்துப் பட்டன் உட்பட, தானே போட்டுக்கிட்டார்.

எல்லாருக்கும் இப்படி ஆகாது, ஆரம்ப கட்டத்துல பலருக்கு சாப்பாட்டால வித்தியாசமே தெரியாது. புரோட்டீனை ஒரேயடியா நிறுத்தினா எடையும் தசையும் போயிடும், அது இந்த வியாதியில ரொம்ப ஆபத்து. வெறும் வயித்துல குமட்டினா ரெண்டு மேரி பிஸ்கட் குடுங்க. இரும்புச்சத்து மாத்திரையை இதோட சேர்த்துக் குடுக்காதீங்க, உடம்புல ஏற விடாது. நாட்டு மருந்துக் கடை பூனைக்காலி விதையிலயும் லெவோடோபா இருக்கு, டாக்டர்கிட்ட சொல்லாம குடுத்துடாதீங்க.

உங்க அம்மா மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், கை கால் நல்லா ஓடின நேரம், இந்த மூணையும் ஒரு வாரம் நோட்ல எழுதிக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க.